காசு லாச்சியின் திறப்பு என்னிடம் இல்லை

யாழ்ப்பாண நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிற ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். முதலாளி நான் இல்லை. காசு லாச்சியின் திறப்பும் என்னிடம் இல்லை. கணக்கெழுத வந்த இடத்தில் இன்று ஓடர் எடுப்பதிலிருந்து பொதிகட்டி அனுப்புவது வரைக்கும் பொறுப்பாக நிற்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகள் சிலர் பயிற்சிக்காக எங்களிடம் வருவார்கள். தொழில் முனைவு மனப்பாங்கு என்றால் என்ன என்று கேட்டால் மூச்சுவிடாமல் வரைவிலக்கணம் சொல்வார்கள். அடுக்கி வைத்திருக்கிற கலியாணக் காட்களில் (அழைப்பிதழ்களில்) ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதில் எங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு இந்தக் கதவால் உள்ளே வந்தபோது எனக்கும் அது தெரியாது. அவர்களுக்கு மேசையில் வைத்துச் சொல்கிற விஷயங்களைத்தான் இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்கவேணும் என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் யாரும் பகிடிக்குச் சொல்வதில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் அரச வேலை கேட்டு மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்காக இருந்து போராடினார்கள். ஓய்வூதியம், இடமாற்றம் இருந்தாலும் போகாத சம்பளம், கலியாணப் பேச்சில் கிடைக்கிற மதிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் நியமனத்துக்குக் காத்திருந்தவள்தான். சும்மா வீட்டிலிருக்காமல் அதுவரைக்கும் எங்கேயாவது போய்வா என்று அம்மா சொல்லித்தான் அச்சகத்துக்கு வந்தேன்.

என்னைக் கேட்டால், கேடு அந்த 'அதுவரைக்கும்' என்ற நினைப்பில்தான் இருக்கிறது. தனியார் இடத்தில் பாதி மனதோடு வேலை செய்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கடிதம் வரும் என்று காத்திருக்கிற வருடங்களில் ஒன்றும் படிக்கமாட்டார்கள். கடிதம் வந்தால் வெறுங்கையோடு அங்கே போவார்கள். வராவிட்டால் வெறுங்கையோடு இங்கேயே இருப்பார்கள்.

எங்கள் அச்சகத்துக்குச் சோறு போடுவது பெரும்பாலும் நினைவு மலர்கள். வெளியூர் ஆட்களுக்குச் சொல்லவேண்டும்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரும். அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றும் அதைச் சொல்வோம். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், பேரப்பிள்ளைகளின் கவிதை, கடைசியில் நன்றி நவிலல். கலியாணக் காட்டைக் கொஞ்சம் முந்திப் பிந்திக் கொடுக்கலாம். நினைவு மலரை 32 ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வெறும் கடதாசிக் கட்டு.

கணக்கெழுதத் தொடங்கிய கொஞ்சக் காலத்தில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. மெசின் ஓய்வில்லாமல் ஓடுகிறது. மாதக் கடைசியில் கடதாசிக்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை. கேட்டால் எல்லோரும் 'யாவாரம் அப்படித்தான்' என்றார்கள். பின்னேரங்களில் வீட்டுக்குப் போகமுதல் பழைய ஓடர்த் துண்டுகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். கடதாசி எவ்வளவு, பிளேற் (அச்சுத் தகடு) எத்தனை, மெசினில் எவ்வளவு நேரம், கட்டுவதற்கு எத்தனை பேர், பழுதாய்ப் போன தாள் எத்தனை. இதற்கு யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேலதிகச் சம்பளமும் இல்லை.

அதில் தெரிந்ததைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தொழிலை முதலாளியின் கண்ணால் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். எங்களிடம் உள்ள ஓப்செற் மெசினில் ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமுமாக 16 பக்கம் வரும். அதை ஒரு போம் என்போம். 32 பக்க நினைவு மலர் என்றால் இரண்டு போம், ஒரு பிரதிக்கு இரண்டு தாள். ஆனால் ஒவ்வொரு போமையும் ஏற்றி, இடம் சரிபார்த்து, மை சீராகப் பிடிக்கும்வரை நூறு தாள் வரையில் பழுதாகும். 1000 பிரதி அடித்தால் 2000 நல்ல தாளுக்கு 200 பழுது, பெரிதாகத் தெரியாது. 100 பிரதி அடித்தால் 200 நல்ல தாளுக்கும் அதே 200 பழுது. பாதிக் கடதாசி குப்பைக்கு. பிளேற் செலவும் அப்படித்தான், 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் ஒன்றே. நாங்களோ பிரதிக்கு இவ்வளவு என்று ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற வீடுகளில் ஊரில் கொடுக்க ஆளில்லை. வருடா வருடம் பிரதிகள் குறைந்துகொண்டே வந்தன. ஓடர் கூடக் கூட நட்டமும் கூடியதன் காரணம் அங்கேதான் இருந்தது.

இதை முதலாளிக்கு எப்படிச் சொல்வது? அவர் நான் பிறக்கமுதலே மையில் கை வைத்தவர். கொப்பியை நீட்டியதும், "பிள்ளை, உதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் ஐயா. நீங்கள் பிழை விட்டதெண்டு சொல்லேல்லை. போன மாசம் அடிச்ச நூறு பிரதி ஓடர் ஒண்டு இதில இருக்கு. கடதாசி விலையை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கோ."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் அவரே கூட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து, "உந்தக் கலியாணக் காட்டுக்கும் இப்பிடி ஒண்டு எழுதும் பாப்பம்" என்றார். அதன்பிறகு சின்ன ஓடர்களுக்குத் தனி விலை வந்தது. மிகச் சின்னவற்றை டிஜிற்றல் மெசின் உள்ள இன்னோர் இடத்தில் அடிப்பித்துக் கட்டுவதை மட்டும் நாங்கள் செய்தோம்.

மேலே இருக்கிறவரிடம் கருத்தைக் கொண்டுபோனால் அவர் அதற்கு மறுகருத்துச் சொல்வார். அவரே கூட்டிப் பார்க்கக்கூடிய கணக்கைக் கொண்டுபோனால் பென்சிலை எடுப்பார். வங்கியில் வேலை செய்தாலும் ஆஸ்பத்திரியில் செய்தாலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் வேலை செய்கிற இடத்துக்குக் காசு யாரிடமிருந்து வருகிறது, வேலை வந்தாலும் வராவிட்டாலும் போகிற செலவு எது, செய்கிற வேலையில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். முழுக்கணக்கும் கிடைக்காது. கிடைக்கிற துண்டுகளே போதும்.

சம்பள உயர்வு கேட்கிற விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பிள்ளைகள் கையில் வருகிற காசை மட்டும் சம்பளமாக நினைப்பார்கள். 50,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழித்து 46,000 கையில் வரும். முதலாளி அதற்கு மேல் 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டவேண்டும். அவருக்கு உங்கள் விலை 57,500. நீங்கள் 46,000 இல் நின்று பேசுவீர்கள், அவர் 57,500 இல் நின்று கேட்பார்; பேச்சு எப்படிப் பொருந்தும்? நான் உயர்வு கேட்டபோது இந்த இரண்டையும் எழுதி, சின்ன ஓடர்களில் மிச்சம் பிடித்ததையும் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் போனேன். கேட்ட முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் 'பாப்பம்' என்று இழுக்காமல் அன்றைக்கே பதில் கிடைத்தது. (சேமலாப நிதியே கட்டாத இடங்களும் இருக்கின்றன. அங்கே முதலில் கேட்கவேண்டியது உயர்வு அல்ல.)

இனி வாடிக்கையாளர். ஒரு நினைவு மலருக்கு வருகிற பொருட்களைப் பார்த்தால் தலை சுற்றும். ரொறன்ரோவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் கவிதை அனுப்புவார். பாரிசிலிருந்து மருமகன் வைபரில் மங்கலான படம் அனுப்புவார். ஊரிலிருக்கிற பெரியப்பா கொப்பித் தாளில் வம்சாவளி எழுதிக் கொண்டுவருவார். அவர்கள் அனுப்புவது யூனிகோட். எங்கள் பக்கம் பழைய வேலையெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில், அதன் குறியீட்டு முறை வேறு. மாற்றும்போது ஓர் எழுத்துப் பிசகினால் பெயரே மாறிவிடும். துக்க வீட்டில் பெயர் மாறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவும் அச்சுப் பிரச்சினைதான். அதைவிடப் பெரிய சிக்கல், குடும்பத்துக்குள் யாருடைய பெயர் முதலில், யாருடைய பெயர் வேண்டாம் என்பது. மூத்த மகன் சொன்னதை மெசினில் ஏற்றிய பிறகு இளைய மகள் ஜேர்மனியிலிருந்து தொலைபேசி எடுப்பார்.

இது எங்கள் வேலை இல்லை, அடிக்கிறது மட்டும்தான் எங்கள் வேலை என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் தாமதமும் திருப்பி அடிப்பதும் அங்கேதான் தொடங்கின. அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழுந்தது. அதனால் ஒரு பக்கப் படிவம் ஒன்று செய்தேன். குடும்பத்தில் முடிவு சொல்கிற ஒருவரின் பெயர் மேலே. அவர் ஒப்பமிட்ட புறூவ் (பிழை பார்க்க அனுப்புகிற மாதிரிப் பக்கங்கள்) மட்டும்தான் மெசினுக்குப் போகும். மற்ற எல்லோரும் அவருக்கூடாகப் பேசவேண்டும். முதல் சில வீடுகளில் முகம் சுளித்தார்கள். பிறகு அந்த ஒருவராக இருக்கிறவர்களே நன்றி சொன்னார்கள். வீட்டுச் சண்டையை அச்சகத்தின் சட்டம் என்று சொல்லி முடிக்க அவர்களுக்கு அது உதவியது.

நேர வித்தியாசத்தையும் அப்படித்தான் திருப்பினோம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். பின்னேரம் ஐந்து மணிக்கு புறூவ் அனுப்பினால் அங்கே காலை ஏழரை. நாங்கள் நித்திரை கொள்ளும் நேரத்தில் அவர்கள் பார்த்துத் திருத்தி அனுப்புவார்கள். காலையில் கடை திறக்கும்போது திருத்தம் காத்திருக்கும். முன்பு மதியம் அனுப்பிவிட்டு, அங்கே நடுச்சாமத்தில் தூங்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

'நூலகம்' என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் எங்கள் பகுதியின் பழைய நினைவு மலர்கள் ஏராளமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருநாள் பொழுதுபோக்காக அதைத் தட்டிப் பார்த்தபோதுதான், கட்டி அனுப்புகிற இந்தச் சின்னப் புத்தகம் ஒரு குடும்பத்தின் ஆவணம் என்பது உறைத்தது. அதிலிருந்து அச்சுப் பிரதியோடு தெளிவான பிடிஎஃப் கோப்பு ஒன்றையும் கொடுக்கத் தொடங்கினோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். எங்களுக்குப் புதிய செலவு ஏறக்குறைய இல்லை.

வண்ணார்பண்ணைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஆறுமுக நாவலரின் நினைப்பு வரும். அவரைச் சமயத்துக்காகவும் வசனநடைக்காகவும் பேசுவார்கள். அச்சகக்காரிக்கு வேறொன்று தெரிகிறது. 1848 இல் மிஷன் பாடசாலையில் கிடைத்த சம்பள வேலையை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்பிக்கத் தமக்கேற்ற புத்தகம் இல்லை. புத்தகம் வேண்டுமென்றால் அச்சு இயந்திரம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரின் உதயதாரகைப் பத்திரிகை 1841 இலேயே வெளிவரத் தொடங்கியிருந்தது. அச்சின் பலம் கண்முன்னால் தெரிந்தது. 1849 இல் கடல் கடந்து தமிழகம் போய் இயந்திரம் வாங்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம், புத்தகம், இயந்திரம் என்று ஒரு தேவை அடுத்த தேவைக்கு இழுத்துப் போயிருக்கிறது. 'என்ன தொழில் தொடங்கலாம்' என்று இன்று என்னைக் கேட்கிற பிள்ளைகள் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சுயதொழில் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட தையல் மெசின்களும் கோழிக்குஞ்சுகளும் எத்தனை! முட்டையை யார் வாங்குவார் என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்டார்கள்.

2022 இன் பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தலைமை என்று எதையாவது நான் கற்றேன் என்றால் அந்த வருடத்தில்தான்.

மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. கடதாசி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. காலையில் கொழும்பிலிருந்து சொன்ன விலை பின்னேரம் இல்லை. தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இடையில் கரண்ட் போனால் மெசின் உருளையில் மை காயத் தொடங்கும். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கவேண்டும். சாவுகளோ நிற்கவில்லை. 31 ஆம் நாளும் தள்ளிப்போகவில்லை.

முதலாளி கொஞ்ச நாள் பூட்டுவோம் என்றார். நான் ஒருநாள் மட்டும் கேட்டேன். அன்றைக்கு எல்லோரையும் முன் விறாந்தையில் இருத்தி, எத்தனை ரீம் கடதாசி இருக்கிறது, கையில் என்ன ஓடர்கள் இருக்கின்றன, யாரிடமிருந்து காசு வரவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. பயந்து விட்டிட்டுப் போயிடுவினம் என்றார். அதற்காக ஒருவரும் போகவில்லை. பெற்றோல் வரிசையில் நிற்கிற ஆட்களுக்கு நிலைமை தெரியாது என்று நினைப்பது எங்களுடைய கற்பனை. தெரியாதது அச்சகத்தின் நிலைமை மட்டும்தான். அது தெரியாத இடத்தில் ஆளுக்கொரு கதை உலாவும்.

மெசின் ஓட்டுகிற அண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

"பிள்ளை, கரண்ட் வந்தவுடனை மெசின் ஓடாது. கழுவி, மை ஏத்தி, நிறம் பிடிக்கவே நேரம் போயிடும். மூண்டு மணித்தியாலம் ஒண்டாக் கிடைக்கிற நேரத்தை மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. இடையில வாற துண்டு நேரம் எனக்கு வேண்டாம்."

மின்சார சபையின் அட்டவணையை வைத்து அவர் சொன்னபடியே நாளைப் பிரித்தோம். நீண்ட நேரம் கிடைத்தால் மெசின். துண்டு நேரங்களில் கணினியில் ரைப் அடிப்பதும் புறூவ் அனுப்புவதும். கரண்ட் இல்லாத பகலில் மடிப்பதும் அடுக்குவதும் நடுப்பின் அடிப்பதும், விறாந்தை வெளிச்சத்தில். கறுப்பு மை வேலைகள் எல்லாம் சேர்ந்த பிறகு ஒன்றாக அடித்தோம். நிறம் மாற்றிக் கழுவுகிற தடவைகள் குறைந்தன, மண்ணெண்ணெயும் மிஞ்சியது. இதில் என் மூளையில் வந்தது பாதிகூட இல்லை. கட்டுகிற அக்கா ஒருவர், அட்டைக்குக் கலர் அடிக்கிறதை எல்லா ஓடருக்கும் ஒரே நாளில் வைத்தால் என்ன என்று கேட்டார். அவர் அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை செய்கிறவர். அவரிடம் யாரும் அதுவரை யோசனை கேட்டதில்லை.

விலை விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். கொட்டேசன் மூன்று நாளைக்கு மட்டும் செல்லும் என்று எழுதினோம். முற்பணம் வந்த அன்றைக்கே அந்த ஓடருக்கான கடதாசியை வாங்கி, வீட்டாரின் பெயர் எழுதித் தனியாக வைத்தோம். ஏன் இந்த விலை என்று கேட்டவர்களுக்குக் கடதாசிக்காரரின் பற்றுச்சீட்டையே காட்டினோம். முடியாதவர்களுக்கு 32 பக்கத்தை 16 ஆக்குவது எப்படி என்று நாங்களே உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தோம். அந்த ஓடர்களில் வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த வீடுகளிலிருந்து இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

அண்ணை அப்போது அடிக்கடி தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்கு இருந்த பொருளாதாரத் தடையைச் சொல்வார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதை, ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதை. எங்கள் சனம் தட்டுப்பாட்டில் கெட்டிக்காரர் என்று பெருமைப்படுவது எங்களுக்கு ஒரு பழக்கம். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் பயிற்சிப் பட்டறைகளில் அதையே தொழில் முனைவுக்கு உதாரணமாகக் காட்டும்போது எனக்கு ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல் சமாளிப்பதும், வழிகள் நாலு இருக்கும்போது ஒன்றைத் தெரிந்தெடுத்து அதில் காசு போடுவதும் வேறு வேறு திறமைகள். முதலாவது எங்களிடம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவதுக்குப் பயிற்சி போதாது.

என்னைவிட மூத்தவர்களை வழிநடத்துவது எப்படி என்று பெண் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முகாமையாளர் என்று பெயர் வந்த பிறகும் அண்ணை எனக்கு அண்ணைதான், நான் அவருக்குப் பிள்ளைதான். அதை மாற்றப் போகவில்லை. மெசினைப் பற்றி அவருக்கு உத்தரவு போடுவதில்லை. எந்த வேலை எந்த நாள் வெளியே போகவேண்டும் என்பதை மட்டும் நான் சொல்வேன், எப்படி என்பது அவருடைய பாடு. சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெசினடியில் போய் நின்று அவரிடம் ஒவ்வொரு உருளையும் என்ன செய்கிறது என்று கேட்பேன். முதலில் சலித்துக்கொண்டார். பிறகு கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டே மையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்று நான் நாள் குறித்தால் அது நடக்கக்கூடிய நாள்தான் என்று அவருக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறை சொல்வதில்லை, அவர் இல்லாத இடத்திலும் சொல்வதில்லை. இரண்டாவதுதான் கஷ்டம், எங்கள் ஊரில் எல்லோரும் யாருக்காவது சொந்தம்.

பெடியள் விஷயம் வேறு. ஒருவனைப் பிடித்து ஒன்றரை, இரண்டு வருடம் பழக்கி எடுத்தால், ஒரு நாள் காலையில் வந்து "அக்கா, பிரான்சுக்கு அலுவல் சரி வந்திட்டுது" என்பான். முன்பு இதை ஒரு துரோகம் போலப் பேசுவார்கள். போகிறவனுக்குப் பழக்கி என்ன பிரயோசனம் என்று அடுத்தவனுக்குக் கள்ளமாகப் பழக்குவார்கள். நான் இப்போது போவான் என்று தெரிந்துதான் பழக்குகிறேன். மெசினடியில் ஒரு தடித்த கொப்பி தொங்குகிறது. எந்தக் கடதாசிக்கு என்ன அழுத்தம், எந்தக் கலருக்கு என்ன அளவு, எந்தப் பிழை வந்தால் என்ன செய்தார்கள் என்று வேலை செய்தவன் தன் கையால் எழுதவேண்டும். அண்ணை எழுதமாட்டார், அவர் சொல்லப் பெடியன் எழுதுவான். போன பெடியளில் ஒருவன் இப்போது எங்களுக்கு அங்கிருந்து ஓடர் பிடித்து அனுப்புகிறான். எல்லோரும் அப்படிச் செய்யமாட்டார்கள். செய்வான் என்று எதிர்பார்த்தும் நான் பழக்கவில்லை.

கடன் பற்றி ஒரு வார்த்தை. சொந்தக்காரர், தெரிந்தவர், கோயில் சபை. திருவிழா நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் திருவிழா முடிந்து, கணக்குக் கூட்டம் முடிந்து, அடுத்த திருவிழாவும் வரும், காசு வராது. கேட்டால் கோயில் வேலைக்குக் காசு கேட்கிறதோ என்பார்கள். பாதி முற்பணம் என்று அச்சடித்துக் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டினோம். எழுதி மாட்டியது முக்கியம். யாரையும் நான் மறுக்கவேண்டி இருக்கவில்லை. விரலால் காட்டினால் போதும். முதலாளியின் மச்சான் வந்தபோது முதலாளியும் அதைத்தான் காட்டினார். அவர் அன்றைக்குக் காட்டியிருக்காவிட்டால் அந்தச் சட்டத்தை நானே கழற்றியிருப்பேன்.

என்னுடைய நியமனக் கடிதம் வந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வந்தது. தூர மாவட்டம் ஒன்றில். அம்மாவோடு சில நாட்கள் வாக்குவாதப்பட்டுத்தான் விட்டேன். எல்லோரும் அப்படி விடவேண்டும் என்று சொல்லமாட்டேன். எனக்கு வீட்டுக் கடன் இல்லை, தம்பி உழைக்கிறான், அதையும் கணக்கில் போட்டுத்தான் முடிவெடுத்தேன்.

இப்போது முதலாளிக்கு வயது போய்விட்டது, பிள்ளைகள் இருவரும் வெளியில். "பிள்ளை, பங்காளியாக வந்து சேரும், மெல்ல மெல்லக் காசைக் கட்டும்" என்று என்னைக் கேட்கிறார். சந்தோசம்தான். இருந்தாலும் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மூன்று வருட வரவு செலவு, யார் யார் எங்களுக்கு எவ்வளவு தரவேண்டும், அதில் ஒரு வருடத்துக்கு மேற்பட்டது எவ்வளவு, மெசினுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று அண்ணை நினைக்கிறார், காணி யாருடைய பெயரில், எல்லோருடைய சேமலாப நிதியும் மாதாமாதம் கட்டியாகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காணி தன் பெயரிலும் அக்காவின் பெயரிலும் இருக்கிறது என்றார். அந்த அக்கா அவுஸ்திரேலியாவில். அவருடைய ஒப்பம் வரும்வரை பங்குக் கதை எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.